முதல் தலைமுறைத் தோல்

ஓடினால் முத்துப்பேச்சிக்கு முதுகு அரிக்கும். நடந்தால் அரிக்காது. நின்றால் அரிக்காது. தண்ணீர் சுமந்தால், பாத்திரம் விளக்கினால், பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு நாள் முழுக்கத் தேங்காய் துருவினால் அரிக்கவே அரிக்காது. ஓட்டத்துக்கு மட்டும்தான்.

இது அவள் ஒருத்திக்கு வந்த நோவு இல்லை. அந்தப் பக்கத்தில் ஓட ஆரம்பித்த எல்லாப் பெண்களுக்கும் வந்தது. அதனால் மேற்பார்வைத் துறை தன்னுடைய ஓட்டத் தேர்வில் ஒரு விதி வைத்திருந்தது. ஓட வருகிறவள் ஒரு துணைக்கை கூட்டிவர வேண்டும். அந்தக் கைக்கு உரிய ஆள் பின்னாலேயே ஓடிவந்து, அரிக்கிற இடத்தில் சொறிந்துவிட வேண்டும். ரத்த உறவாக இருக்க வேண்டும். ஓடுகிறவள் நிற்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. தன் கையைப் பின்னால் வளைக்கக் கூடாது.

ஆண்களுக்கு இந்த விதி இல்லை. அவர்களுக்கு அரிப்பதில்லை என்றார்கள். அரித்தால் ஓரமாக நின்று நிதானமாகச் சொறிந்துவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு மறுபடி ஓடுவார்கள். அந்த நேரத்தைத் துறையே கழித்துக்கொள்ளும்.

மேற்பார்வைத் துறையில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே போனவர்களை யாரும் எங்கேயும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவர்களுக்கு நாற்காலி உண்டு. மின்விசிறி உண்டு. தங்கள் பெயரில் ஒரு ஆணி உண்டு, பையை மாட்ட. முத்துப்பேச்சிக்கு வேண்டியதெல்லாம் அந்த ஆணிதான்.

எழுத்துத் தேர்வில் அவள்தான் முதலாவது. உப்பளத்துக் குடியிருப்பிலேயே வேதியியல் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆளும் அவள்தான். படிப்பு அவளுக்குப் பிரச்சனையே இல்லை. உட்கார்ந்து படித்தால் எங்கேயும் அரிப்பதில்லை.

முதல் தடவை அவள் துணைக்கை இல்லாமல் போனாள். முதுகு சொறியும் பிரம்புக் குச்சி ஒன்றைச் செருகிக்கொண்டு போனாள். குச்சியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாதி வழியில் தாங்க முடியவில்லை. ஓரத்தில் நின்ற இரும்புக் கம்பத்தில் எருமை மாதிரி முதுகைத் தேய்த்தாள். நீலச் சட்டை நடு முதுகில் கிழிந்தது. இனிமேல் துணைக்கை இல்லாமல் ஓடவே விடமாட்டோம் என்று சொல்லி அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அம்மா அந்தக் கிழிசலை உப்பு மூட்டை தைக்கிற சணல் நூலால் தைத்துக் கொடுத்தாள். அவளிடம் வேறு நூல் கிடையாது.

இரண்டாம் தடவை அம்மாவே துணைக்கையாக வந்தாள். உப்பு வெடித்த உள்ளங்கை. அது முதுகில் பட்டால் அரிப்பு எழுந்து நின்று கும்பிடும். ஆனால் அம்மாவுக்கு ஓடத் தெரியாது. தலையில் உப்புப் பெட்டியோடு வாழ்நாள் முழுக்க நடந்தவள். பெட்டி இல்லாமலும் அதே நடைதான் வந்தது. அம்மாவை விட்டு முன்னால் போனால் கை எட்டாது. எட்ட வேண்டுமென்றால் நடக்க வேண்டும். நடந்தால் அரிக்காது. அரிக்காத முதுகை அம்மா பாசத்தோடு சொறிந்துகொண்டே வந்தாள். முடிக்கும்போது மைதானத்தைப் பூட்டப் போகிறவர் சாவியோடு நின்றுகொண்டிருந்தார்.

சொறிதல் நன்று, ஓட்டம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாவதுதான் கடைசி. அதற்குமேல் துறை எந்த முதுகையும் அனுமதிப்பதில்லை. மூன்றாவதும் கைவிட்டுப் போனால் முத்துப்பேச்சிக்குக் கல்யாணம். இதை அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் எதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார்.

பெண் பார்க்க வந்தவர்கள் பூவோடும் பழத்தோடும் ஒரு டேப்பும் கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அவளை எழுந்து நிற்கச் சொன்னாள். உயரம் எடுத்தாள். பக்கவாட்டில் எடுத்தாள். குனிந்து தரைக்கும் முழங்காலுக்கும் இடையில் எடுத்தாள். கல்யாணம் ஆனதும் எந்தப் பெண்ணும் அந்த வீட்டில் எது இல்லையோ அதுவாகிவிடுவாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதில் ஒளிவு மறைவு கிடையாது.

"எங்க வீட்ல பீரோ இருக்கு. வாஷிங் மிஷினுக்குத்தான் எடம் விட்டுருக்கோம்," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா தலையாட்டினார்.

"படிச்ச பிள்ளைன்னா முழு ஆட்டோமேட்டிக்கா வரும்லா?"

அதற்கும் தலையாட்டினார்.

மாப்பிள்ளை நல்ல மாதிரி. குனிந்த தலை நிமிரவில்லை. பிளக் எந்தப் பக்கம் வரும் என்று மட்டும் கேட்டான்.

அம்மா எதுவாகவும் மாறவில்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது அப்பாவின் குடிசையில் எல்லாமே இல்லாமல்தான் இருந்தது. ஆனால் எதையும் வைக்க இடமும் இல்லை. அதனால் அம்மா ஆளாகவே இருந்து, உப்பளத்துக்கு நடந்தாள்.

அவர்கள் போன பிறகு முத்துப்பேச்சி அம்மாவிடம் கேட்டாள், இன்னொரு தடவை துணைக்கு வருவாயா என்று. ஓடிப் பழகினால் வந்துவிடும், கடற்கரையில் நான் சொல்லித் தருகிறேன் என்று. அம்மா தன் கால்களைப் பார்த்தாள்.

"நா வந்துதான ஒனக்குப் போச்சு. நா வரலட்டி."

அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டாள். "நடந்தா அரிக்காதுல்லா? நடக்கிற வேலையாப் பாக்கக் கூடாதா?"

முத்துப்பேச்சிக்கு வாயில் வந்ததைச் சொன்னால் அம்மா அழுவாள். வெளியே வந்தாள்.

அரிப்பையே ஒழித்துவிட்டால் துணைக்கை எதற்கு என்று தோல் டாக்டரிடம் போனாள். டாக்டரின் அறைக்குப் போகிற நடைக்கூடம் நீளமானது. நடந்து போனால் அது கூடவே நீளும். ஓடினால்தான் முடியும். ஓடினால் அரிக்கும். டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது நோய் சூடாக, தயாராக இருக்கும். நல்ல ஏற்பாடு.

டாக்டர் அவள் முதுகைப் பார்க்கவில்லை. அவள் செருப்பைப் பார்த்தார்.

"உங்க குடும்பத்துல இதுக்கு முன்ன யாராவது ஓடியிருக்காங்களா?"

"இல்ல சார். நடந்திருக்காங்க."

"பாட்டன், பூட்டன்?"

"துரத்துனப்ப ஓடியிருப்பாங்க."

"அது கணக்குல வராது." அவர் கையைக் கழுவினார். அவளைத் தொடவே இல்லை, ஆனாலும் கழுவினார். "இது முதல் தலைமுறைத் தோல். ஓடிப் பழக்கமில்லாத தோல் ஓடுனா அரிக்கத்தான் செய்யும். உங்க பேத்திக்கு அரிக்காது."

"எனக்குப் பேத்தி வேண்டாம் சார். அடுத்த வாரம் ஓடணும்."

"முதல் பட்டதாரின்னு சலுகை வாங்கியிருப்பீங்களே?"

"படிப்புக்கு வாங்குனேன்."

"ஓட்டத்துக்குக் கிடையாது," என்றார் டாக்டர். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த ஆள் தூரத்தில் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

மைதானத்து வாசலில் வாடகைக் கைகள் கிடைத்தன. அதற்கென்று ஆட்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நகத்தைச் சீவிக் கூராக்கி, வெயிலில் காட்டி வைத்திருந்தார்கள். முத்துப்பேச்சி ஒரு கையைப் பரிசோதித்துப் பார்த்தாள். அது சொறிந்தது, அரிக்காத இடத்தில் சொறிந்தது. மேலே என்றால் கீழே போனது. அவர்கள் மேல் குற்றமில்லை. ரத்த உறவு இல்லாத கைக்கு இடம் தெரியாது. துறைக்கும் அது செல்லாது.

ஹாஸ்டலில் கூடப் படித்தவர்களை நினைத்துப் பார்த்தாள். ஒருத்தி கிரைண்டர். ஒருத்தி சோபா. நன்றாகக் கவிதை எழுதுகிறவள் கொசுவலையாகி ஒரு மாடி வீட்டில் தொங்குகிறாள் என்று கேள்வி. முத்துப்பேச்சி சில நாள் மாலையில் சும்மாவே மொபைலை எடுத்து அவர்களைக் கூப்பிடுவாள். மணி அடிக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்கக் கை இருந்தால்தானே.

அப்பா சுவரை விட்டு வர மாட்டார். மிச்சமிருந்தது அக்கா ஒருத்திதான்.

இசக்கியம்மாள் பீரோவாகி நாளாகிவிட்டது. தாலி கட்டிய அன்று சாயங்காலமே ஆனாள். இரட்டைக் கதவு, ஒரு பக்கம் கண்ணாடி. அன்றைக்குக் கட்டியிருந்த சேலையின் அதே கிளிப்பச்சை. சின்ன வயதில் உப்பளத்து வெயிலில் முத்துப்பேச்சிக்கு வேர்க்குரு வந்தால் அக்காதான் சொறிந்துவிடுவாள். குப்புறப் படுத்துக்கொண்டு இவள் வழி சொல்லுவாள். மேல. இன்னும் மேல. கொஞ்சம் இடது. அங்கதான். அந்த 'அங்கதான்' வந்ததும் தூக்கம் வந்துவிடும். அக்கா அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் சொறிந்துகொண்டிருப்பாள். அதை இவள் தூக்கத்தில் தெரிந்துகொண்டிருப்பாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து அக்கா வீடுவரை முத்துப்பேச்சி அதே நீலச் சட்டையோடு ஓடியே போனாள். அரிப்போடு போனால்தான் அக்காவுக்கு நம்பிக்கை வரும் என்று நினைத்தாள்.

அத்தான் சுடலைமுத்து கட்டிலில் உட்கார்ந்து சிகரெட் அட்டையால் காது குடைந்துகொண்டிருந்தார். வா என்றார். மோர் கொடுத்தார். அக்காவைப் பார்க்க வந்தேன் என்றதும் பீரோவைக் கையால் காட்டினார்.

"ஒங்க அக்காவுக்கு இங்க என்ன கொறை? மாசத்துக்கு ஒரு தடவ நானே தொடைக்குதேன். துருன்னு ஒரு பொட்டு கெடையாது. தட்டிப் பாரு."

அவள் தட்டிப் பார்க்கவில்லை. பீரோவின் பக்கத்தில் போய் நின்றாள். அத்தான் நல்ல மனிதர். எழுந்து வெளியே போனார்.

"எக்கா."

உள்ளே ஹேங்கர்கள் அசைந்தன.

"பேச்சியா? எப்படி வந்தே?"

"ஓடி."

"அரிக்குமே."

"அரிக்கிது."

பாச்சை உருண்டை வாசம் கதவிடுக்கில் வந்தது. முத்துப்பேச்சி எல்லாவற்றையும் சொன்னாள். கடைசித் தடவை என்பதை, டேப் கொண்டுவந்ததை, பிளக் எந்தப் பக்கம் என்று கேட்டதை. நாளைக்குக் காலையில் மட்டும், ஒரே ஒரு தடவை, என் பின்னால் ஓடிவா என்றாள். நீ சின்ன வயதில் எவ்வளவு வேகம், பம்பு செட்டுக்காரன் துரத்தினபோது என்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாயே என்றாள்.

"கை மடிச்சு வச்சிருக்கு," என்றாள் அக்கா. "எந்தத் தட்டுலன்னு தெரியல."

"தேடிப் பாரு."

"எதை வச்சுட்டி தேட?"

சாவி அக்காவின் மாமியாரிடம் இருந்தது. முத்துப்பேச்சி பின்கட்டுக்குப் போய்க் கேட்டாள். அந்த அம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுக்கவில்லை. இருக்கிறதா என்று தொட மட்டும் தொட்டாள். கைகள் பத்திரமாக இருக்கின்றன என்றாள். பட்டுச் சேலைக்கு அடியில், காகிதம் சுற்றி வைத்திருக்கிறது. நல்ல நாள் பெரிய நாள் என்றால் எடுப்போம். பலகாரம் சுட வேண்டாமா, கோலம் போட வேண்டாமா. முடிந்ததும் துடைத்து உள்ளே வைத்துவிடுவோம். வெளியூருக்கெல்லாம் கொடுத்துவிடுவது கிடையாது.

"கையி கெட்டுப்போகும்," என்றாள்.

முத்துப்பேச்சி திரும்பி வந்தாள். முதுகு தீயாக எரிந்துகொண்டிருந்தது. பீரோவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். இரும்பு குளிர்ந்தது. உள்ளே யாரோ மூச்சைப் பிடிப்பது போல இருந்தது. கதவுக் கைப்பிடி மெல்லத் திரும்பி அவள் முதுகைத் தொட்டது.

"அதுவா?" என்றாள் அக்கா.

"இல்ல. மேல."

"மேல வராதுட்டி. எனக்கு அந்த எடத்துலதான் வச்சிருக்கு. நீ எறங்கு."

முத்துப்பேச்சி முழங்காலை மடக்கிக் கொஞ்சம் இறங்கினாள். கைப்பிடி ஏறியது. இன்னும் இறங்கினாள். சணல் நூல் தையலின் கீழ்முனையை அது தொட்டது. இன்னும் ஒரு விரற்கடைதான்.

பின்கட்டிலிருந்து மாமியார் வந்து நின்றாள். "சாயாத தாயி. பெயிண்ட் போயிரும்."

முத்துப்பேச்சி எழுந்து நின்றாள். கைப்பிடி பழைய இடத்துக்குப் போனது. பூட்டு ஒருமுறை சத்தம் கொடுத்தது.

கிளம்பும்போது அக்கா கூப்பிட்டாள். குரலில் ஒரு சின்ன ஆசை இருந்தது. அதைத்தான் முத்துப்பேச்சியால் தாங்க முடியவில்லை.

"அவுக வீட்ல பீரோ பழசா இருந்தா சொல்லு. என்னய அங்க மாத்திக் கேளு. பக்கத்துப் பக்கத்துல நிக்கலாம்லா?"

திரும்பும்போது அவள் நடந்தே பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். அரிக்கவில்லை. அழுகையும் வரவில்லை. கோபம் மட்டும் இருந்தது. அதைச் சொறிய முடியாது.

மறுநாள் காலையில் மைதானம் கழுவி வைத்தது போல இருந்தது. வாசலில் மாப்பிள்ளை வீட்டார் லோடு ஆட்டோவோடு வந்திருந்தார்கள். கயிறு, சாக்கு, நான்கு மூலைக்கும் வைக்கத் தெர்மோகோல். தேர்வு முடிந்து வருகிறவளுக்கு வாசலிலேயே தாலி கட்டி அங்கேயே ஏற்றிக்கொண்டால் ஒரு வாடகை மிச்சம் என்று அப்பாதான் யோசனை சொன்னாராம். ஓடிக்கொண்டிருப்பவளைத் தூக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அதனால் மரியாதையாக வெளியே நின்றார்கள். மாப்பிள்ளை வயரின் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள்.

உள்ளே பெண்கள் ஜோடி ஜோடியாக நின்றார்கள். ஒருத்திக்குச் சித்தி வந்திருந்தாள். ஒருத்திக்குத் தம்பி. ஒருத்திக்குப் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விரல்களைச் சொடக்கு எடுத்துக்கொண்டு நின்றார். முத்துப்பேச்சிக்குப் பின்னால் வெயில் நின்றது.

மைதான அதிகாரி உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வருஷமும் பதவி உயர உயர நாற்காலியும் உயரும். இந்த வருஷம் அவருடைய காலணியின் அடிப்பாகம் மட்டும்தான் தெரிந்தது. அவர் பேசுவது கீழே வந்து சேரச் சற்று நேரமாகும்.

"சார், துணைக்கை இல்ல. தனியா ஓடலாமா?" என்று முத்துப்பேச்சி அண்ணாந்து கேட்டாள்.

கேள்வி மேலே போனது. காத்திருந்தாள். முதலில் ஒரு தும்மல் வந்து விழுந்தது. அப்புறம், "தண்ணீர் அந்தப் பக்கம்," என்று வந்தது. அது அவளுக்கு முன்னால் யாரோ கேட்டதற்கான பதில்.

அவளுடைய பதில் 'கூடாது' என்றுதான் வரும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் இன்னும் வரவில்லை. வராத பதிலுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. எழுத்துத் தேர்வில் முதலாவது வந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

அவள் ஓட ஆரம்பித்தாள்.

மற்றவர்களும் ஓடினார்கள். பின்னாலேயே சித்தியும் தம்பியும் பெரியப்பாவும் ஓடினார்கள். மைதானம் முழுக்க, மேலே, கீழே, அந்தப் பக்கம், ஐயோ அங்க இல்ல என்ற பேச்சாக இருந்தது. கேட்கச் சந்தோஷமான பேச்சு. ஒரு வீட்டின் மொத்தச் சத்தமும் அதில் இருந்தது. ஒவ்வொரு ஜோடியாக முடித்துக்கொண்டு ஓரமாகப் போனார்கள். சித்தி ஒருத்தி மகளுக்கு முதுகைத் துடைத்துவிட்டாள்.

முத்துப்பேச்சிக்குப் பாதை முடியவில்லை. துணையோடு ஓடுகிறவர்களுக்கு மைதானம் அளவாக இருக்கும். தனியாக ஓடுகிறவளுக்கு அது நீளும். வளைவு வளைந்துகொண்டே போனது. நேர்ப்பாதை கண்ணுக்கெட்டிய மட்டும் போனது. நடுவில் உப்பு அம்பாரங்கள் வந்தன. டாக்டரின் நடைக்கூடம் வந்தது. அதில் பெஞ்சுகள் காலியாக இருந்தன. அக்கா வீட்டு முற்றம் வந்தது. கதவு சாத்தியிருந்தது. அவள் அதையெல்லாம் தாண்டி ஓடினாள்.

அரிப்பு ஆரம்பித்தது. முதலில் ஒரு எறும்பு. அப்புறம் அதன் வீட்டார். அப்புறம் ஊர். நடு முதுகில், சணல் தையலுக்கு அடியில், கை எட்டாத அந்த ஒரே இடத்தில் எல்லோரும் கூடிப் பந்தி போட்டார்கள். உடம்பில் அப்படி ஒரு இடத்தை ஏன் வைத்திருக்கிறது என்று அவள் யோசித்தாள். இன்னொருத்தர் வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்வதற்காக இருக்கும். நல்ல எண்ணம்தான். இன்னொருத்தரை யார் தருவது?

வேலி ஓரமாக அம்மா நடந்துகொண்டிருந்தாள். வேகமாகத்தான் நடந்தாள். கையை வேலிக்குள் நீட்டியபடி நடந்தாள்.

"நடட்டி," என்றாள். "நடந்தா அரிக்காதுல்லா."

முத்துப்பேச்சி நடக்கவில்லை. நிற்கவில்லை. கையைப் பின்னால் வளைக்கவில்லை. அழுதாள், அழக் கூடாது என்று விதியில் இல்லை. அம்மாவின் கை பின்னால் போய்ச் சின்னதாகி, வேலியில் ஒரு கம்பி மாதிரி ஆனது.

அப்போதுதான் மேலேயிருந்து அந்தப் பதில் வந்து சேர்ந்தது. "கூடாது." அவள் கேட்ட இடத்தில், ஓட்டம் தொடங்குகிற கோட்டில் போய் அது விழுந்தது. அங்கே யாரும் இல்லை.

அவள் இன்னும் வேகமாக ஓடினாள். கோபத்துக்கு இவ்வளவு கால்கள் உண்டு என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நெடுநேரம் யாரும் இல்லாத பாதையில் முன்னால் ஒருத்தி தெரிந்தாள். அவளும் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் சித்தி இல்லை. தம்பி இல்லை. தோள்களைக் குறுக்கிக்கொண்டு, முதுகை அப்படியும் இப்படியும் நெளித்துக்கொண்டு ஓடினாள். பாவமாக இருந்தது. எந்த வீட்டுப் பெண்ணோ, ஒருத்தரும் வரவில்லை போல.

முத்துப்பேச்சி நெருங்கினாள். நீலச் சட்டை. நடு முதுகில் ஒரு கிழிசல். அதைச் சணல் நூலால் தைத்திருந்தது. அப்படித் தைக்கிறவள் ஊரில் ஒருத்திதான்.

மைதானம் வட்டம்தான். வேண்டிய அளவு வேகமாக ஓடினால் இப்படி நேரும். அதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை.

அவள் கையை நீட்டினாள். பின்னால் அல்ல, முன்னால். முன்னால் நீட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விரல்கள் அந்தத் தையலில் பட்டன.

அதே நேரம் அவள் முதுகில் ஒரு கை பட்டது.

திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியதும் இல்லை. நடுவிரலில் ஒரு மேடு இருந்தது. தேர்வு எழுதி எழுதிப் பேனா காய்ப்பேற்றிய மேடு. அம்மாவின் கையில் அது கிடையாது. அக்காவின் கையில் கிடையாது. அவர்கள் வீட்டில் ஒரே ஒரு கையில்தான் உண்டு.

மேலேயிருந்து அடுத்த கேள்வி வந்தது. இந்தத் தடவை அது அவளைத் துரத்திக்கொண்டே வந்து, கூடவே ஓடியது.

"பின்னால் வருவது யார்? என்ன உறவு?"

முத்துப்பேச்சி யோசித்தாள். அம்மாவின் தம்பி பெண்சாதிக்கு ஒரு சொல் இருக்கிறது. புருஷனின் தங்கைக்கு இருக்கிறது, அவளுடைய புருஷனுக்கும் இருக்கிறது. பங்காளி வீட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்கு, செத்துப்போன பெரியப்பாவின் இரண்டாம் தாரத்துக்கு எல்லாம் இருக்கிறது. இதற்கு இல்லை. யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை போல.

"எங்க வீட்ல மொத மொத ஓடுனவ, சார்," என்றாள்.

பதில் மேலே ஏற ஆரம்பித்தது. மெதுவாக ஏறியது. போய்ச் சேர வேண்டும், அவர் யோசிக்க வேண்டும், தீர்ப்பு கீழே இறங்கி வர வேண்டும். வாசலில் லோடு ஆட்டோவின் எஞ்சினை அணைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தெர்மோகோலைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அம்மா வேலிக்கு வெளியே இன்னும் நடந்துகொண்டிருந்தாள்.

முன்னால் ஓடுகிறவள் திரும்பாமல் பேசினாள்.

"மேல," என்றாள். "இன்னும் மேல. கொஞ்சம் இடது."

முத்துப்பேச்சி கையை நகர்த்தினாள். அவள் முதுகிலிருந்த கையும் நகர்ந்தது.

"அங்கதான்," என்றாள் முத்துப்பேச்சி.

பின்னாலிருந்த கை, அதற்குப் பிறகும், சொறிந்துகொண்டிருந்தது.